மழை இவ்வளவு கரைத்தும் மலை ஏன் தீரவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: மழையும் ஆறும் மலைகளை அரித்துக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன, பூமிக்கு வயது 450 கோடிக்கு மேல், அப்படியானால் இந்நேரம் எல்லாம் மட்டமாகி நீருக்கடியில் போயிருக்க வேண்டாமா? பூமியின் மேற்பரப்பாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகள் மோதினால் மலை எழும்பும் என்ற பாடப்புத்தகப் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கிறது. மோதலே இல்லாத நடுக்கடலில் ஏன் மலைத்தொடர் இருக்கிறது, மோதல் ஓய்ந்து இருபது முப்பது கோடி ஆண்டுகள் ஆன ரஷ்யாவின் யூரல் மலைத்தொடரும் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரும் ஏன் இன்னும் நிற்கின்றன என்று கூடவே கேட்டிருக்கிறீர்கள். ஆக, மலை எப்படிப் பிறக்கிறது என்பதைவிட, உயரம் என்ற ஒன்று பூமியில் எப்படித் தங்குகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. நல்ல கேள்வி. நான் கட்டமைப்பு நிலவியல்காரன்; மலைகளில் பாறை மடிப்புகளை அளந்தும், அப்புறம் அதையே வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் காலம் போனது. பூமியின் ஆழத்தில் நடப்பதெல்லாம் நிலநடுக்க அலைகளைப் படித்த நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த இடம் வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் சந்தேகத்துக்கே ஒரு கணக்கு. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி டன் மண்ணையும் மணலையும் கடலில் சேர்க்கின்றன. அதை 15 கோடி சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பிலிருந்து சீவி எடுத்த பாறையாக நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர் உரிகிறது என்று வரும். ஒரு தலைமுடியின் தடிமன், அவ்வளவுதான். ஆனால் 10 லட்சம் ஆண்டில் இது 50 மீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் கண்டங்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 840 மீட்டர். வகுத்துப் பாருங்கள், 1.7 கோடி ஆண்டில் கண்டங்கள் காலி. டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன; அதற்குள் நிலம் முழுவதும் கிட்டத்தட்ட நான்கு தடவை கரைந்து தீர்ந்திருக்க வேண்டும். அந்த 2,000 கோடி டன்னில் உழவும் காடழிப்பும் கூட்டிய பங்கு உண்டு, அணைகள் பிடித்துவைத்துக் குறைத்த பங்கும் உண்டு. எண் இரண்டு மடங்கு இப்படியோ அப்படியோ போகலாம். போனாலும் முடிவு மாறாது. சந்தேகம் நியாயமானது.

இந்தக் கணக்கில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பாறையை மேலிருந்து சீவினால் தரை அதே அளவு தாழும் என்று நினைத்துக்கொண்டோம். அப்படித் தாழ்வதில்லை. இது தெரியவந்த கதை, கொத்தனார் கையில் இருக்குமே, அந்தத் தூக்குகுண்டிலிருந்து தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் எவரெஸ்டின் தலைமையில் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். இமயமலைக்கு அருகில் கலியானா என்ற இடம், அதற்குத் தெற்கே நெடுந்தொலைவில் கலியான்பூர். இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சங்கிலி, முக்கோணம் வைத்து ஒருமுறையும், விண்மீன்களின் உயரத்தைப் பார்த்து மறுமுறையும் கண்டார்கள். விடைகள் 5.2 விகலை வேறுபட்டன (ஒரு பாகைக்கு 3,600 விகலை). தரையில் அது சுமார் 160 மீட்டர். விண்மீனைப் பார்க்க நேர்க்குத்து எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது தூக்குகுண்டு. இமயமலையின் நிறை குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியாரும் கணித அறிஞருமான ஜான் பிராட் ஊகித்தார். மலையின் நிறையை மதிப்பிட்டுக் கணக்குப் போட்டபோது வேறுபாடு 15 விகலைக்கு மேல் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. உண்மையில் இருந்ததோ மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய மலை, இழுக்க வேண்டிய அளவு இழுக்கவில்லை! 1855இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: மலைக்கு அடியில் லேசான பாறையாலான வேர் ஒன்று, கனமான பாறைக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கூடுதல் நிறையை அடியில் உள்ள குறைவு ஈடுசெய்துவிடுகிறது. பிராட் பின்னால் வேறு விளக்கம் சொன்னார்: உயரமான இடத்தின் அடியில் உள்ள பாறை முழுவதுமே அடர்த்தி குறைந்தது என்று. இருவரும் வாதாடியதில் எனக்குப் பிடித்த விஷயம், இருவரும் சரி என்பதுதான். இமயமலைக்கு ஏய்ரி சரி, நடுக்கடல் மலைத்தொடருக்குப் பிராட் சரி. அந்தத் தொடருக்குப் பிறகு வருகிறேன்.

வேர் என்றால் எவ்வளவு ஆழம்? கண்டப் பாறையின் அடர்த்தியை நீரைவிட 2.7 மடங்கு என்றும், அடியில் உள்ள கவசத்தின் (மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தடித்த பாறை அடுக்கு) அடர்த்தியை 3.3 மடங்கு என்றும் வைத்துக்கொண்டால், வெளியே 1 கிலோமீட்டர் உயரம் நிற்க அடியில் 4.5 கிலோமீட்டர் வேர் வேண்டும். சாதாரணமாகக் கண்ட மேலோடு 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன்; சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் திபெத்துக்கு அடியில் அது சுமார் 70 கிலோமீட்டர். கணக்கு முழுக்கச் சரியாக வரவில்லை என்றாலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இப்போது அரிப்புக்குத் திரும்புவோம். மேலே 1 கிலோமீட்டர் பாறையைச் சீவினால் சுமை குறைந்த மேலோடு அடியிலிருந்து சுமார் 820 மீட்டர் மேலே எழும்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் இழப்பு 180 மீட்டர் மட்டுமே. மிதக்கும் பனிப்பாறையின் தலையை வெட்டினால் உடல் கொஞ்சம் மேலே வரும், அதே கதைதான். ஆகவே மலையைத் தீர்க்க வேண்டுமானால் மழை அதன் தலையை மட்டும் கரைத்தால் போதாது, வேரையும் சேர்த்துக் கரைக்க வேண்டும். உங்கள் 1.7 கோடி ஆண்டு இதனால் ஐந்தாறு மடங்காகிச் சுமார் 10 கோடி ஆண்டைத் தொடுகிறது. பழைய மலைத்தொடர்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு முக்கியமான காரணம் இது. அப்பலாச்சியனுக்கு இது மட்டும் போதுமா என்பதில் சண்டை நடக்கிறது. கடந்த ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளில் அது மறுபடி கொஞ்சம் உயர்த்தப்பட்டது என்று ஒரு தரப்பு ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வடிவத்தை வைத்து வாதிடுகிறது. மற்றத் தரப்பு காலநிலை மாறி ஆறுகள் வேகமாக வெட்டியதே போதுமான விளக்கம் என்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் பார்த்திருக்கிறேன். எதிலும் கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை.

சரி, 10 கோடி என்றாலும் 450 கோடி எங்கே! மிதப்பு, தேய்வதைத் தாமதப்படுத்தும். புதிதாக எதையும் உண்டாக்காது. யாரோ கணக்கில் வரவு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுகளின் இயக்கம் செய்வது அந்த வேலையைத்தான்.

அது எங்கே நடக்கிறது என்று பார்க்க, கடலை வடித்துவிட்டு பூமியைப் பாருங்கள். ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று எண்ணினால், நடுவில் ஒரு குவியலும் இரு பக்கமும் சரிவுமாக வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். வருவதோ இரண்டு குவியல்கள். ஒன்று கடல்மட்டத்துக்குச் சில நூறு மீட்டர் மேலே, மற்றொன்று அதற்கு நான்கைந்து கிலோமீட்டர் கீழே. இடைப்பட்ட உயரங்களில் பரப்பு மிகக் குறைவு. கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்ட ஆல்ஃப்ரெட் வெகனர் நூறாண்டுக்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டினார்: இரண்டு வகையான பாறை இருப்பதால்தான் இரண்டு தளங்கள். கண்டங்கள் கிரானைட்டைப் போன்ற லேசான பாறையால் ஆன தடித்த பலகைகள். கடல்தரை 7 கிலோமீட்டர் தடிமனே உள்ள, கனமான பசால்ட், அதாவது உருகிய பாறை இறுகி உண்டான கருநிறப் பாறை. கடல் என்பது பள்ளமான நிலத்தில் தேங்கிய நீர் என்று பலரும் நினைக்கிறார்கள். வேறு பாறை என்பதால் தாழ்ந்தே மிதக்கும் தரை அது. அதன்மேல் நீர் நிற்கிறது. எவரெஸ்டையும், பசிபிக் கடலடியின் மிக ஆழமான பள்ளமான மரியானா அகழியையும் காட்டிலும் இந்த இரட்டைத் தளம்தான் பூமியின் முகத்தில் பெரிய அம்சம். பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காமல் நேரே மோதலுக்குப் போய்விடுகின்றன என்பது என் பழைய மனக்குறை.

இனி நடுக்கடல் மலைத்தொடர். கிரிக்கெட் பந்தின் தையலைப் போல உலகைச் சுற்றிச் சுமார் 65,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 1950களின் தொடக்கத்தில் மேரி தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தபோது, அட்லாண்டிக் தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு போவதைக் கண்டார். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதை ஏற்கவில்லை. நிலநடுக்க இடங்களைக் குறித்த வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டும் பொருந்தின. அந்தப் பிளவில்தான் தட்டுகள் விலகுகின்றன. விலகும் இடத்தை நிரப்பக் கவசப் பாறை மேலே வருகிறது. அது வரும் வழியில் யாரும் அதைச் சூடாக்குவதில்லை. அழுத்தம் குறைவதாலேயே அதில் ஒரு பகுதி உருகுகிறது. உருகியது பசால்ட்டாக இறுகிப் புதுக் கடல்தரையாகிறது. அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் போல விலகல். கிழக்குப் பசிபிக்கில் சில இடங்களில் 15 சென்டிமீட்டர். உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 3 சதுர கிலோமீட்டர் புதுத் தரை.

இங்கே எதுவும் எதையும் மோதவில்லை. ஆனாலும் உயரம் இருக்கிறது, ஏனென்றால் புதிய தரை சூடானது, சூடானது விரிந்தது, விரிந்தது லேசானது. பிராட் சொன்னாரே, அது இதுதான். தொடரின் உச்சி கடல்மட்டத்துக்கு 2.5 கிலோமீட்டர் கீழே இருக்கும். விலகிப் போகப்போகத் தரை குளிர்ந்து, சுருங்கி, தாழ்கிறது. தாழ்வது வயதின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப: வயதை 10 லட்சம் ஆண்டுகளில் எழுதி, வர்க்கமூலம் எடுத்து, 350ஆல் பெருக்கினால் எத்தனை மீட்டர் தாழ்ந்தது என்று வரும். 40 லட்சம் ஆண்டில் 700 மீட்டர், 2.5 கோடி ஆண்டில் 1,750 மீட்டர். சூடான எந்தப் பொருளும் மேலிருந்து குளிரும்போது பின்பற்றும் அதே விதிதான். நிலவியலில் இவ்வளவு சுத்தமாக ஒரு சூத்திரம் பலிப்பது அபூர்வம், வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். முழுச் சந்தோஷம் இல்லை: ஏறக்குறைய 8 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட தரை, சூத்திரம் சொல்லும் அளவுக்குத் தாழ்வதில்லை. அடியிலிருந்து ஏதோ வெப்பம் வந்துகொண்டிருக்கிறது. அது எப்படி வருகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. தொடர்கள் நீளமாகவோ வேகமாகவோ இருந்தால் கடல்தரையில் இளம், உப்பிய பகுதி அதிகமாகிறது. நீர் தங்க இடம் குறைந்து கண்டங்களின்மேல் ஏறுகிறது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்களின் பெரும் பகுதிகள் ஆழமற்ற கடலால் மூடியிருந்ததற்குத் துருவப் பனி இல்லாததோடு இதுவும் ஒரு காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கடற்கரை எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூடக் கடலடித் தரையின் வயது தீர்மானிக்கிறது.

ஆண்டுக்கு 3 சதுர கிலோமீட்டர் பிறக்கிறது, பூமி பெரிதாகவில்லை என்றால், அதே அளவு எங்கேயோ மறைய வேண்டும். மறையும் இடம்தான் அகழி. குளிர்ந்து கனத்த கடல்தட்டு அங்கே வளைந்து கவசத்துக்குள் அமிழ்கிறது. மேற்குப் பசிபிக்கின் தட்டு 15 கோடி ஆண்டுக்கு மேல் வயதானது, நன்றாகக் குளிர்ந்தது. மரியானாவில் செங்குத்தாகச் சரிகிறது, அகழி கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இளைய தட்டு, சாய்வாகத்தான் போகிறது, மேலே உள்ள கண்டத்தை அழுத்திச் சுருக்கி ஆண்டிஸை உயர்த்துகிறது. சாய்வுக்கு வயது மட்டுமே காரணமில்லை, ஆனாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

தட்டுகளை யார் தள்ளுகிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய படங்களில் கொதிக்கும் குழம்பின் சுழல்கள்மேல் தட்டுகள் தெப்பம்போல் போகும். அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். கவசம் குழம்பில்லை, திடப்பாறை. திடப்பொருளில் மட்டுமே செல்லக்கூடிய நிலநடுக்கக் குறுக்கலைகள் அதன் வழியே ஒழுங்காகப் போகின்றன. பல லட்சம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது மிக மெதுவாக நெளிந்து ஓடும், அவ்வளவுதான். தட்டை நகர்த்துவதில் பெரும்பங்கு அமிழும் நுனியின் எடைக்கு. ஆழத்தில் அழுத்தத்தால் பசால்ட் எக்லோகைட் என்ற இன்னும் கனமான பாறையாக மாறுகிறது, மாறியதும் தட்டின் மிச்சத்தையும் பின்னால் இழுக்கிறது. மேசை விளிம்பில் பாதி தொங்கும் துணி சரிந்து விழுவதைப் போல. 1975இல் டொனால்ட் ஃபோர்சித்தும் செயா உயேடாவும் தட்டுகளின் வேகத்தையும் அவற்றின் விளிம்புகளையும் ஒப்பிட்டார்கள். நீளமான அமிழும் விளிம்பு உள்ள தட்டுகள் வேகமாகவும், இல்லாதவை மெதுவாகவும் போவது தெளிவாகத் தெரிந்தது. பசிபிக் தட்டு ஓடுகிறது, யூரேசியா தவழ்கிறது. கவசத்தின் ஓட்டம் தட்டை அடியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம். நான் குரலைத் தாழ்த்தும் இடம் இது.

அமிழும் தட்டு தனியாகப் போவதில்லை. பாறையின் கனிமங்களுக்குள் நீரையும் எடுத்துப்போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் வரும்போது அந்த நீர் பிழிந்து வெளியேறி மேலே உள்ள கவசப் பாறைக்குள் போகிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அகழிக்குச் சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். ஜப்பான், சுமத்ரா, ஆண்டிஸ், எங்கே பார்த்தாலும் இந்த ஒழுங்கு தெரியும். அந்த உருகல் மேலே வரும்போது பிரிந்து பிரிந்து, சிலிக்கா மிகுந்த லேசான பாறையாகிறது. அதாவது புதுக் கண்டப் பாறை. உங்கள் கணக்கின் வரவுப் பக்கத்தில் முதல் பெரிய எண் இது. இரண்டாவது எண் இன்னும் அழகானது. ஆறுகள் கடலில் கொட்டிய அந்த மண் கடல்தரையில் படிந்து, தட்டோடு நகர்ந்து அகழிக்கு வருகிறது. ஒரு பங்கு உள்ளே போய்விடும். மீதி, உழவில் கலப்பைமுன் மண் குவிவதுபோல, மேல்தட்டின் விளிம்பில் சுரண்டப்பட்டு ஒட்டிக்கொள்ளும். கரைந்துபோன மலை, அடுத்த மலைக்குச் சரக்காகத் திரும்பி வருகிறது. இன்று கடல்தரையில் பெரும்பாலும் 18 கோடி ஆண்டைத் தாண்டிய பாறை கிடையாது; கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறை கனடாவில் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த சிர்கான் மணிகள் (எளிதில் அழியாத ஒரு கனிமத்தின் சிறு துகள்கள்) இன்னும் மூத்தவை, 440 கோடி. கனமானது மூழ்கும், லேசானது மேலேயே தங்கும். கண்டங்கள் பூமியின் மூழ்காத மிச்சம்.

அந்த மூழ்காத மிச்சங்கள் இரண்டு சந்தித்தால்தான் பாடப்புத்தக மோதல். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருந்த கடல் அமிழ்ந்து தீர்ந்ததும், சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் இரு கண்டங்களும் தொட்டுக்கொண்டன. அதற்கு முன் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வந்துகொண்டிருந்த இந்தியா, மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியது, இன்றும் நிற்கவில்லை. அந்த நகர்வில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டரை இமயமலை தன்னுள் மடித்துக்கொள்கிறது. எவரெஸ்டின் உச்சிப் பாறை 40 கோடி ஆண்டுக்கு மேல் பழைய கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை. பனியை விலக்கினால் அதில் கடலுயிரிகளின் எச்சங்கள் இருக்கின்றன. மடிப்பு ஒரே சீராக நடப்பதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் இறுகி, சில வினாடிகளில் விடுபடுகிறது. 2015 ஏப்ரல் நேபாள நிலநடுக்கத்தில் காட்மாண்டுப் பகுதி சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. ஆனால் அதற்கு வடக்கே உள்ள உயர்ந்த சிகரங்களில் சில தாழ்ந்தன. நிலநடுக்கம் வந்தால் மலை வளரும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இறுகியிருக்கும் காலத்தில் சிகரப் பகுதி மெல்ல உயரும், விடுபடும்போது அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும்.

அப்படியானால் இமயம் 20 கிலோமீட்டர் உயராதது ஏன்? வேர் ஆழமாகப் போகப்போகச் சூடாகிறது, சூடான பாறை தன் எடையையே தாங்காமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. இந்தியா தெற்கிலிருந்து நெருக்கிக்கொண்டே இருக்கும்போதே திபெத் கிழக்கு மேற்காக விரிந்து பிளவுப் பள்ளங்களை உண்டாக்கியிருக்கிறது. இதை அங்கே போய்ப் பார்த்தால்தான் நம்ப முடியும். மறுபக்கம் செவ்வாய்க் கிரகத்தில் ஒலிம்பஸ் மலை 20 கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது: ஈர்ப்பு குறைவு, அடியில் குளிர்ந்த தடித்த மேலோடு, நகராத தட்டு, ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்த எரிமலை. திபெத் எந்தக் காலத்தில் இன்றைய உயரத்தை எட்டியது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. விடைகளுக்கு இடையே கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி. இன்னொரு சிக்கலும் உண்டு. மலை உயர்ந்ததால் மழையும் அரிப்பும் கூடினவா, காலநிலை மாறி அரிப்பு கூடியதால் பள்ளத்தாக்குகள் வெட்டப்பட்டு, சுமை குறைந்து சிகரங்கள் எழும்பினவா? 1990இல் பீட்டர் மோல்னாரும் ஃபிலிப் இங்லண்டும் இதை முட்டையா கோழியா என்ற கேள்வியாகவே முன்வைத்தார்கள். இன்றும் அது முடியவில்லை. மழை மலையின் எதிரி என்ற உங்கள் தொடக்கக் கருத்து இந்த இடத்தில் கொஞ்சம் தலைகீழாகிறது பாருங்கள்.

தட்டுகள் உரசிக்கொண்டு எதிரெதிராகப் போகும் எல்லைகளும் உண்டு. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பெயர்பெற்றது. 1906 நிலநடுக்கத்தில் அதன் இருபுறமும் சில இடங்களில் 6 மீட்டர் விலகின. நில வடிவத்தைப் பொறுத்தவரை இவை பெரிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஓடைகளை முறித்து வளைத்துவிடும், எல்லை வளையும் இடங்களில் குன்றோ பள்ளமோ எழுப்பும், அவ்வளவே.

இந்தக் கதைக்கு வெளியே நிற்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். ஹவாய் எந்தத் தட்டு எல்லையிலும் இல்லை. ஆழத்திலிருந்து எழும் சூடான தூண்மேல் பசிபிக் தட்டு நகர்வதால் தீவுச் சங்கிலி உண்டாகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்தச் சங்கிலியில் 4.7 கோடி ஆண்டு வயதில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது. தட்டு திசை மாறியதால் வந்தது என்று நான் மாணவனாகப் படித்தேன். தூணே இடம்பெயர்ந்ததும் அதில் ஒரு பங்கு என்று பின்னால் பாறைகளின் காந்தப் பதிவு காட்டியது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி மோதலும் இல்லாமல் தடித்த வேரும் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. கவசத்தில் மெல்ல எழும் ஓட்டம் தாங்கி நிற்கிறது என்கிறார்கள். இருக்கலாம். தட்டுகள் விறைத்த பலகைகள் என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு மேற்கே, தட்டின் நடுப்பகுதியிலேயே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. இந்திய, ஆஸ்திரேலியப் பகுதிகள் ஒரே தட்டா, பிரிந்துகொண்டிருக்கும் இரண்டா என்ற பழைய கேள்வி அதனால் வலுத்தது.

எதையெல்லாம் உறுதியாக நம்பலாம் என்று கேட்டால்: தட்டுகள் நகர்வது. 1980களிலிருந்து தொலைதூர விண்மீன்கூட்டங்களின் ரேடியோ அலைகளை வைத்தும், பிறகு செயற்கைக்கோள்களை வைத்தும் நேரடியாக அளந்துகொண்டிருக்கிறோம். கடல்தரையின் காந்தப் பட்டைகளிலிருந்து (பசால்ட் இறுகியபோது பூமியின் அன்றைய காந்தத் திசையைப் பதித்துக்கொண்ட வரிகள்) 1960களில் ஊகித்த வேகமும் இன்று அளக்கும் வேகமும் பெரும்பாலும் ஒன்றே. முன்னது லட்சக்கணக்கான ஆண்டுகளின் சராசரி, பின்னது சில ஆண்டுகளின் அளவு; இரண்டும் ஒத்துப்போவதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. மிதப்பு, கடல்தரை குளிர்ந்து தாழ்வது, அமிழ்வது, இவையும் அப்படியே. இந்த இயக்கம் எப்போது தொடங்கியது என்பது மட்டும் பெரிய ஓட்டை. 300 கோடி ஆண்டுக்கு முன்பே என்று சிலரும், இன்றைய வடிவில் 100 கோடி ஆண்டுக்கு உள்ளாகத்தான் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். பழைய கடல்தரை எல்லாம் உள்ளே போய்விட்டதால் சாட்சிகள் கண்டங்களின் ஓரங்களில் ஒட்டிய துணுக்குகளாகவே கிடைக்கின்றன. இன்னும் 25 கோடி ஆண்டில் கண்டங்கள் எப்படிக் கூடும் என்று காட்டும் காணொளிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த ஐந்து கோடி ஆண்டுவரை ஓரளவு நம்பலாம். அதற்குமேல் அது கற்பனை கலந்த கணக்கு, ஏனென்றால் புதிய அகழி எங்கே தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை யாரிடமும் இல்லை.

கடைசியாக, உங்கள் கணக்கு என்றாவது பலிக்குமா? பூமி உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் தட்டுகள் நிற்கத்தான் வேண்டும். நின்ற அன்றிலிருந்து மேலே போட்ட கணக்குப்படி 10 கோடி ஆண்டைப் போலக் கொடுத்தால், மழை கண்டங்களைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் சூரியனும் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டு வருகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடல்கள் வற்றத் தொடங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தட்டுகள் அதற்கு முன் நிற்காவிட்டால் கரைக்க மழை இருக்காது, சேர்த்துவைக்கக் கடலும் இருக்காது. அப்போது எழுந்து நிற்கும் மலைகள் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.